பத்தில் ஒன்று போனது எங்கே?

தோழனே!

விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டுக்குச் சென்றிருக்கிறாயா? செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுண்ணாம்பும் இன்றிக் கோயில் கண்டதாகப் பாறையிலே பொறித்துவைத்தான் பல்லவன் மகேந்திரவர்மன், 7ஆம் நூற்றாண்டில். மன்னன் பெருமை கல்லிலே இருக்கிறது. உளி பிடித்தவன் பெயர்? இல்லை!

அன்று உழைத்தவன் பெயர் ஏட்டிலே இல்லை. இன்று பெயர் ஏட்டிலே இருக்கிறது. பணந்தான் கையிலே இல்லை!

அந்த ஊரிலிருந்து ஆலை வேலைக்குச் சென்ற ஒரு தங்கையை எண்ணிப்பார். 3 ஆண்டு உழைத்தாள், வேலையை விட்டாள். வருங்கால வைப்பு நிதியிலே, நாம் பி.எஃப். என்போமே அதிலே, 60,000 ரூபாய் சேர்ந்திருந்தது. கைக்கு வந்ததோ 54,000! மீதி?

5 ஆண்டு தொடர்பணி நிறையுமுன் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால், நூற்றுக்குப் பத்து வருமான வரிக்கெனப் பிடிக்கப்படும். 2015 ஜூனிலே புகுந்த விதி இது. அப்போது வரம்பு 30,000. மறு ஆண்டு 50,000 ஆயிற்று. பான் எண் தராதவரிடம் பிடித்தம் இன்னும் அதிகம்.

ஆனால் தோழனே, பிடித்ததெல்லாம் வரி அன்று, வரிக்கான முன்பணம்! ஆண்டு வருமானம் வரி வரம்பைத் தாண்டாவிட்டால் அந்த 6,000 அவளுடையது. எப்போது திரும்பும்? வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால்! முதலாளி பங்கையும் அதன் வட்டியையும் சம்பளமாகவும், தன் பங்கின் வட்டியைப் பிற வருமானமாகவும் காட்டவேண்டும். தான் கட்டிய அசலுக்கு வரி இல்லை, முன்பு அதற்கு வரிக்கழிவு பெற்றிருந்தாலன்றி.

நோயாலோ, ஆலை மூடியதாலோ வேலை இழந்தவருக்கு இந்த வரியே இல்லை. வேறு ஆலைக்குச் செல்பவர், பணத்தை எடுக்காமல் கணக்கை மாற்றிக்கொண்டால் பழைய பணிக்காலமும் சேரும். வரி வராது என்ற உறுதிமொழிப் படிவத்தை முன்னரே தந்தால் பிடித்தமும் இராது.

தெரிந்தவனுக்கு விலக்கு, தெரியாதவளுக்குப் பிடித்தம்! இதுவா நீதி? வரி வரம்பை எட்டாத ஏழையிடம் முதலில் பிடுங்குவானேன், பிறகு விண்ணப்பம் போடச் சொல்வானேன்?

முதலாளி பங்கை 58 வயதுவரை எடுக்கலாகாது என்ற விதியை எதிர்த்து, 2016 ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் வீதிக்கு வந்தனர். விதி பின்வாங்கியது!

கேட்டால் விதியும் மாறும். அது மாறும்வரை நீ செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஞாயிறுதோறும் படிப்பகத்திலே ஒரு மேசை போடு. தங்கைக்குக் கணக்கு எழுதிக் கொடு. 6,000 ரூபாய் அவள் வீடு வந்து சேரட்டும். ஆயிரம் மேடை முழக்கத்தைவிட அது உரக்கப் பேசும்!