எந்தத் துருவை மன்னிக்கலாம்?

1956-இல் மாநில எல்லை வகுத்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பக்கத்து விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. கடலுக்கு இந்தக் கோடு தெரியாது. பாறசாலைக்குத் தென்மேற்கே பொழியூரிலும், எல்லை தாண்டி நீரோடியிலும் வீசுவது ஒரே உப்புக் காற்று. வள்ளங்களின் சிறிய அவுட்போர்டு எஞ்சின்களை இருபுறமும் அரிப்பதும் அதுதான்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்கள் இவை. பழுதாகிப் பிரித்தால் பாதிப் பாகங்கள் துருவோடு வெளியே வரும். எதைத் திரும்பப் பூட்டுவது, எதை எறிவது? புதிய பாகங்களின் விலை ஒரு பக்கம் பயமுறுத்தும். வள்ளம் கரையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லை என்பது இன்னொரு பக்கம். 'இதுவே போதும், பூட்டு' என்று சொல்லத் தோன்றுவது இயல்பு.

துருவில் இரண்டு வகை. மேலே படர்வது ஒன்று, உள்ளே தின்பது மற்றொன்று. தாங்கு தகடுகள், ஃப்ளைவீலின் வெளிப்புறம் போன்றவற்றில் மேலோட்டமான துரு என்றால் எமரி தாளால் தேய்த்து பெயின்ட் அடித்துவிடலாம். உரசும், சுழலும் இடங்களில் இந்தத் தாராளம் கூடாது. துடைத்துவிட்டு விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பேரிங்கில் நகம் குழியில் தட்டினால் யோசிக்கவே வேண்டாம், எறியுங்கள். அந்தக் குழியிலிருந்துதான் உலோகம் பெயரத் தொடங்கும்.

கிராங்க் தண்டில் ஆயில் சீல் உட்காரும் இடம் இன்னும் மோசம். அங்கே குழி இருந்தால் புது சீல் போட்டும் பயனில்லை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த வழியே காற்று புகும். எரிபொருளும், அதில் கலந்த ஆயிலும் போதாமல் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும். சிலிண்டரில் குழி ஆழமில்லை என்றால் மட்டும் ஒரு வழி உண்டு: போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்.

அலுமினிய பிளாக்கில் இறங்கிய எவர்சில்வர் போல்ட்டுகளையும் கவனியுங்கள். உப்பு நீரில் இரு உலோகங்கள் சேர்ந்தால் அலுமினியம்தான் கரையும். வெள்ளைப் பொடி அதன் அடையாளம். மரை தேய்ந்திருந்தால் சரிசெய்துவிட்டு, கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

ரோட்டில் வண்டி நின்றால் தள்ளிக்கொண்டு வரலாம். கடலில் யார் தள்ளுவது? 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல் இந்தக் கரைகளின் எத்தனையோ வீடுகளை இருளாக்கியது. காற்று மாறும்போது கரைக்குத் திரும்ப ஓடும் எஞ்சின் வேண்டும். மிச்சம் பிடித்த பேரிங்கின் விலையை அந்த நேரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அரித்துப் போவதற்கென்றே எஞ்சினில் ஒரு பாகம் உண்டு: அடியில் இருக்கும் துத்தநாகக் கட்டி. மற்ற உலோகத்துக்குப் பதிலாக அது கரையும். அதற்கு மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள். பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அரிப்பைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டிய ஒரே இடம் அதுதான்.