தோல் சீட்டும் பாலாறும்

வளைகுடாவில் நம்ம தங்கவயல் ஆட்கள் பிக்கப் வாங்கினால் இன்ஜினுக்கு முன்னால் சீட்டைத்தான் காட்டுவார்கள். "ஒரிஜினல் லெதர்ப்பா" என்று ஒரு தட்டும் தட்டுவார்கள். மூன்று நான்கு கோடை போனதும் அதே சீட்டில் ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பு வெடித்து, தையல் விட்டு, ஃபோம் எட்டிப் பார்க்கும். உடனே மொத்த கவரையும் மாற்றலாமா, மேலே ஒரு துணி உறை போட்டு மூடலாமா என்று பேச்சு வரும். என் கட்சி: இரண்டும் வேண்டாம். பெரும்பாலான தோல் சீட்டை நூலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் காப்பாற்றலாம். காப்பாற்றியே ஆகவேண்டும் என்றும் சொல்வேன்.

முதலில் நாம் உட்கார்ந்திருப்பது எதன் மேல் என்று தெரிய வேண்டும். இன்றைய வண்டிகளில் தோல் என்பது அனேகமாக உடம்பு படும் இடத்தில் மட்டும்தான். பக்கவாட்டும் பின்புறமும் பல வண்டிகளில் ரெக்ஸின் வகைதான். அந்தத் தோலின் மேலும் நிறமும், அதற்கு மேல் பிளாஸ்டிக் போன்ற மெல்லிய பூச்சும் இருக்கும். சந்தேகமானால் மறைவான ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உள்ளே இறங்கிக் கறுத்தால் பூச்சில்லாத தோல்.

இதனால்தான் தேங்காய் எண்ணெய் வைத்தியம் இங்கே எடுபடாது. நம் தாத்தாக்கள் செருப்புக்கும் பெல்ட்டுக்கும் எண்ணெய் போட்டது சரிதான். அது ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்திய தோல், எண்ணெயைக் குடிக்கும். பூச்சுப் போட்ட சீட்டில் எண்ணெய் மேலேயே நின்று பிசுபிசுத்து, பாலைவனத் தூசியையெல்லாம் கூட்டிச் சேர்க்கும். விலை உயர்ந்த பாட்டில் கண்டிஷனரும் அந்தப் பூச்சைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை.

சீட்டைக் கொல்வது வெயிலும், வியர்வையும், தலை எண்ணெயும், மணலும்தான். வாரம் ஒருமுறை இடுக்குகளில் வேக்குவம், மாதம் ஒருமுறை மென்மையான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, வண்டி நிற்கும்போது கண்ணாடிக்கு ஒரு மறைப்பு. இவ்வளவு செய்தாலே பாதி வேலை முடிந்தது.

இனி ரிப்பேர். பல சமயம் தோலுக்கு முன்னால் நூல்தான் போகும். அந்தக் கட்டத்திலேயே கவரைக் கழற்றி, பழைய ஓட்டைகளிலேயே கெட்டியான பாலியஸ்டர் நூலால் தைத்துவிட்டால் செலவு சொற்பம். விட்டுவைத்தால் ஓட்டைகள் கிழிந்து ஒன்றாகிவிடும். கிழிசலுக்கு உள்பக்கமாகத் துணி ஒட்டுப் போட்டு, வளைந்து கொடுக்கும் பசையால் ஒட்டவேண்டும். ஃபெவிக்விக் மாதிரியானது கல்லாக இறுகிப் பக்கத்திலேயே அடுத்த வெடிப்பைக் கொண்டுவரும். ஃபோம் அமுங்கியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் தோல் அதே இடத்தில் மடிந்து மடிந்து திரும்ப வெடிக்கும். ஒரு துண்டு மொத்தமாகப் போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். சீட் என்பது பல துண்டுகளின் தையல்தானே.

ஒரு எச்சரிக்கை மட்டும். சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சின்ன லேபிள் இருந்தால் அந்தத் தையலில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். விபத்தில் பலூன் வெளியே வர வேண்டும் என்பதற்காகவே கிழிகிற மாதிரி தைத்தது அது. அங்கே கெட்டி நூல் போட்டாலோ, இறுக்கமான உறை மாட்டினாலோ ஏர்பேக் இருந்தும் இல்லாத கதைதான். அந்த ஓர் இடத்துக்கு கம்பெனி சர்வீஸுக்கே போங்கள்.

மற்றதற்கெல்லாம் நல்ல குஷன் கடைக்காரர் போதும். ராபர்ட்சன்பேட்டையில் பைக் சீட்டும் ஆட்டோ சீட்டும் தைக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சம்பளம் வேறு கரன்சியில் வர ஆரம்பித்ததும், தைப்பது கௌரவக் குறைச்சல் என்று ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. வங்கியில் தேய்மானக் கணக்கு போட்டுப் பழகியவன் சொல்கிறேன், புது லெதர் கவருக்குக் கொடுக்கிற காசு வண்டியை விற்கும்போது அப்படியே திரும்பி வராது.

காசை விடுங்கள். பாலாற்றை நினைத்துப் பாருங்கள். நந்தி மலையில் புறப்பட்டு பேத்தமங்கலம் வழியாக வருகிற ஆறு. தங்கவயல் சுரங்கங்களுக்கும் நம் லைன் வீடுகளுக்கும் தண்ணீர் கொடுத்தது அந்தப் பேத்தமங்கலம்தான். அதே ஆறு ஆந்திரா தாண்டி வாணியம்பாடி, ஆம்பூர் போகும்போது தோல் தொழிற்சாலைக் கழிவைச் சுமக்கிறது. 1996-ல் வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் படித்தால் வயிறு எரியும். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பாழ். ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர். 2025 ஜனவரியிலும் இதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த வட ஆற்காட்டு மண் அது.

உங்கள் பிக்கப்பின் தோல் ஆம்பூரில் பதமானது என்று நான் சொல்லவில்லை. கார் சீட்டுக்குத் தழும்பில்லாத பெரிய மாட்டுத் தோல் வேண்டும், அது எந்த நாட்டிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் எங்கே பதப்படுத்தினாலும் ஏதோ ஓர் ஊரின் தண்ணீர் அதில் போயிருக்கிறது. அப்படி வந்த பொருளை நாலு தையல் விட்டதற்காகக் குப்பையில் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

வேலைக்கு ஓட்டுகிற வண்டி என்றால் அடுத்த தடவை துணி சீட்டே வாங்குங்கள், வெயிலுக்கும் அதுதான் சுகம். ஏற்கெனவே தோல் சீட் வாங்கியாயிற்றா? இந்த வெள்ளிக்கிழமை ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு போய்த் துடையுங்கள். துடைக்கும்போதே நூல் எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்துவையுங்கள் :-)