பனிமலை வேலை: புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

உலகில் சில ஊர்கள் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இயங்குவதில்லை. நான்கைந்து மாதங்கள் அங்கே கூட்டம் அலைமோதும். மற்ற மாதங்களில் கடைத்தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற மலையூர்களும் கோடையில் நிரம்பி வழியும் கடற்கரை ஊர்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. கூட்டம் வரும் மாதங்களில் தங்கும் விடுதி அறைகளைத் துப்புரவு செய்யவும், சமையலறையில் உதவவும், விளையாட்டுக் கருவிகளை வாடகைக்குக் கொடுக்கவும் ஏராளமான ஆள்கள் தேவைப்படுகிறார்கள். உள்ளூர் மக்களை மட்டும் நம்பி அந்தத் தேவையை ஈடுகட்ட முடிவதில்லை. எனவே, பிற ஊர்களிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இளையோர் வேலைக்கு வருகிறார்கள். இதற்குப் பருவகால வேலை என்று பெயர்.

வெண்பனி போர்த்திய மலையில் வேலை, கையில் வெளிநாட்டுச் சம்பளம், ஓய்வு நாளில் ஊர்சுற்றல் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மட்டுமே கண்ட மலேசிய, சிங்கப்பூர் இளையோரை அந்தப் படங்கள் எளிதில் ஈர்த்துவிடுகின்றன. இந்த ஆசையில் தவறு எதுவும் இல்லை. பருவகால வேலை இளையோருக்கு உண்மையிலேயே பயனுள்ளதுதான். ஆனால், அதைச் செலவில்லாத சுற்றுலா என்று எண்ணிப் புறப்படுபவர் ஏமாந்து போவார். அதை வேலை என்று எண்ணி, கணக்குப் பார்த்துப் புறப்படுபவரே அதன் முழுப் பயனையும் அடைவார்.

பருவகால வேலையைத் தேடுபவர் முதலில் நாள்காட்டியைப் புரிந்துகொள்ள வேண்டும். உலகில் பனிக்காலம் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. வட கோளத்தில் கனடாவின் விஸ்லர், ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேக்கோ, ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையூர்கள் ஆகியவற்றில் பொதுவாக டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பனிச்சறுக்குக் காலம். தென் கோளத்தில் நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன், ஆஸ்திரேலியாவின் திரெட்போ, பெரிஷர் போன்ற இடங்களில் ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை அதே பருவம். மத்தியதரைக் கடலோரத் தீவுகளில் மே முதல் அக்டோபர் வரை கோடைப் பயணிகளின் கூட்டம். பனி விழத் தொடங்கிய பிறகு வேலை தேடினால் நல்ல இடங்கள் எஞ்சியிருக்கா. பருவம் பிறப்பதற்கு மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே முதலாளிகள் ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மலேசிய இளையோருக்கு அருகிலுள்ள நல்ல எடுத்துக்காட்டு குவீன்ஸ்டவுன். நியூசிலாந்தின் தென் தீவில், வாக்காட்டிப்பு ஏரிக்கரையில் அமைந்த சிற்றூர் அது. அதற்கு அருகிலுள்ள கோரோனெட் பீக் பனிச்சறுக்கு மையம் 1947-இல் தொடங்கப்பட்டது. ரிமார்க்கபல்ஸ் மலையில் 1985-இல் இன்னொரு மையம் உருவானது. மலைப்பாதை வழியாகச் சென்றால் வானாக்கா நகரையும் கார்ட்ரோனா மையத்தையும் அடையலாம். குளிர்காலத்தில் இந்த வட்டாரம் முழுவதும் சுற்றுப்பயணிகளை நம்பியே பிழைக்கிறது.

அங்கே கிடைக்கும் வேலைகள் எத்தகையவை? பனிச்சறுக்குப் பயிற்றுநர் ஆவதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். பனியையே பார்த்திராத நாட்டிலிருந்து செல்பவருக்கு அந்த வேலை உடனே கிடைக்காது. மலைமேல் செல்லும் கம்பிவட நாற்காலிகளில் பயணிகளைப் பாதுகாப்பாக ஏற்றி இறக்குவது, காலணிகளின் அளவு பார்த்துக் கொடுப்பது, வாகன நிறுத்துமிடத்தை ஒழுங்குபடுத்துவது, பாத்திரம் கழுவுவது, படுக்கை விரிப்புகளை மாற்றுவது போன்ற வேலைகளே அவருக்குக் கிடைக்கும். விடியும் முன்பே எழுந்து, உறையும் குளிரில் மலைக்குச் செல்லும் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டும். நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டும். சிரித்த முகத்தோடு பேசவும் வேண்டும்.

“படித்த பிள்ளை கடல் கடந்து போய்க் கழிவறை கழுவுவதா?” என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களின் கவலை பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றியது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும், எந்த வேலையும் இழிவானதன்று. வீட்டில் தட்டைக்கூடக் கழுவாத இளைஞர், பிறர் உண்ட தட்டை நான்கு மாதங்கள் கழுவினால் உழைப்பின் அருமையை உணர்வார். குறித்த நேரத்தில் பணிக்கு வருதல், சினம்கொண்ட வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுதல், கையிலுள்ள பணத்தை வாரக் கடைசி வரை நீட்டித்தல் போன்றவற்றை அந்த வாழ்க்கை நாள்தோறும் கற்றுக்கொடுக்கும். பல நாட்டவரோடு ஒரே அறையில் தங்கிப் பழகுவதும் ஒரு கல்விதான். ஆனால், படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் செல்வது அறிவுடைமை ஆகாது. படிப்பின் ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள இடைவெளியே இதற்கு ஏற்றது.

இனி, புறப்படும் முன் போட வேண்டிய கணக்குகளைப் பார்க்கலாம். முதலாவது, சட்ட அனுமதி. நியூசிலாந்து 18 முதல் 30 வயது வரையிலான மலேசிய இளையோருக்கு வேலையோடு கூடிய விடுமுறை விசாவை வழங்குகிறது. சிங்கப்பூர் இளையோருக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. ஆஸ்திரேலியாவும் இரு நாட்டு இளையோருக்கும் இதுபோன்ற விசாவை வழங்குகிறது. ஆண்டுதோறும் வழங்கப்படும் இடங்களுக்கு வரம்பு உண்டு. எவ்வளவு காலம் தங்கலாம், ஒரே முதலாளியிடம் எத்தனை மாதம் வேலை செய்யலாம், கையிருப்பில் எவ்வளவு பணம் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை அந்தந்த நாட்டின் குடிநுழைவுத் துறை வெளியிடும் அறிவிப்பிலேயே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நண்பர் சொன்னார், முகவர் சொன்னார் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

“சுற்றுலா விசாவில் போய்விடு, வேலையை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்று கூறுவோரும் உண்டு. இது குழியில் தள்ளும் யோசனை. சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்ட மீறல். பிடிபட்டால் நாடு கடத்தப்படலாம். பல ஆண்டுகள் மீண்டும் அந்நாட்டுக்குள் நுழைய முடியாமலும் போகலாம். இன்னொரு தீங்கும் உண்டு. அனுமதியின்றி வேலை செய்பவர், சம்பளம் கொடுக்காத முதலாளிமீது புகார் செய்யவே அஞ்சுவார். அவருடைய அச்சத்தையே சில முதலாளிகள் தங்களுக்கு இலாபமாக்கிக்கொள்கிறார்கள். வேலை அனுமதி என்பது வெறும் முத்திரையன்று. அநீதி நேரும்போது வாய்திறந்து கேட்பதற்கான உரிமையும் அதுதான்.

இரண்டாவது கணக்கு, படுக்கை இடம். வேலை கிடைத்தால் போதும், அறை எப்படியாவது கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றுலா ஊர்களில் நிலைமை தலைகீழானது. அங்குள்ள வீடுகள் பல விருந்தினருக்கு அதிக வாடகைக்கு விடப்படுகின்றன. விருந்தினருக்குப் படுக்கை விரிக்கும் தொழிலாளிக்கோ படுக்க இடம் இல்லை. குவீன்ஸ்டவுனில் பணியாளர்கள் வாடகை வீடு கிடைக்காமல் வாகனங்களில் உறங்கிய செய்திகள் வெளிவந்துள்ளன. கனடாவின் விஸ்லர் நகரம் இச்சிக்கலை முன்பே உணர்ந்து, பணியாளர் குடியிருப்புக்கென 1997-இல் தனி அமைப்பையே நிறுவியது. ஊழியர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினராவது ஊருக்குள்ளேயே வசிக்க வேண்டும் என்பது அந்நகரத்தின் இலக்கு. ஆகவே, தங்குமிடத்தோடு கூடிய வேலை சற்றுக் குறைந்த சம்பளம் தந்தாலும் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றாவது கணக்கு, வேலை நேரம். 2025 ஏப்ரலில் நியூசிலாந்தில் பெரியவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 23.50 நியூசிலாந்து டாலராக உயர்ந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம் உழைத்தால் வரிக்கு முன் 940 டாலர் கிடைக்கும். இதை ரிங்கிட்டுக்கு மாற்றிப் பார்ப்பவருக்குக் கண்கள் விரியும். ஆனால், சம்பாதிப்பவர் ரிங்கிட்டில் செலவு செய்யப்போவதில்லை. வாடகை, உணவு, குளிர் தாங்கும் உடை, பேருந்துக் கட்டணம் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஊர் விலையிலேயே வாங்க வேண்டும். மேலும், 40 மணி நேர வேலை எப்போதும் உறுதியில்லை. பனி தாமதமாக விழுந்தால் வேலை நேரம் பாதியாகக் குறையலாம். 20 மணி நேர வேலைக்குக் கிடைப்பது 470 டாலர்தான். வாடகையோ பாதியாகக் குறையாது. நியூசிலாந்தின் ருவாப்பேஹு மலையில் பனிச்சறுக்கு மையங்களை நடத்திவந்த நிறுவனம், பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளாலும் போதிய பனி இல்லாததாலும் 2022-இல் நொடித்துப்போனது. பெரிய நிறுவனத்தையே அசைத்துவிடும் வானிலை, கையில் சேமிப்பு இல்லாத இளைஞரை என்ன பாடுபடுத்தும்? அதனால், முதல் சில வாரங்களைச் சம்பளமின்றிச் சமாளிக்கும் பணமும் ஊர் திரும்பும் விமானச்சீட்டுக்கான பணமும் தனியாக இருக்க வேண்டும்.

நான்காவது கணக்கு, ஒப்பந்தம். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் கோடைக்காலத்தில் அதிகபட்சம் நான்கு மாதங்கள் வேலை செய்து பயணமும் செய்வதற்கு ஒரு திட்டம் உண்டு. பல நாட்டு மாணவர்கள் ஆயிரக்கணக்கான டாலரைக் கட்டணமாகச் செலுத்தி அதன்வழி அங்கே சென்றார்கள். அவர்களில் ஒரு பிரிவினருக்குப் பென்சில்வேனியா மாநிலத்தில் கனமான சாக்லேட் பெட்டிகளைத் தூக்கும் கிடங்கு வேலையே கிடைத்தது. சிலர் இரவெல்லாம் வேலை செய்தார்கள். வாடகை முதலியவை சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டதால் கையில் மிஞ்சியது சொற்பமே. 2011 ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்து போராடினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு விதிகளைக் கடுமையாக்கி, இத்திட்டத்தில் கிடங்கு வேலைகளுக்குத் தடை விதித்தது. அந்த மாணவர்கள் கேள்வி கேட்டதால்தான் பின்னால் வந்தவர்களுக்கு நன்மை விளைந்தது.

கடனோடு கடல் கடந்து, சம்பளத்தில் பிடித்தம் போக மிச்சத்தை வாங்குவது மலேசியத் தமிழர் அறியாத கதையன்று. சஞ்சிக்கூலிகளாக மலாயாவுக்கு வந்த முன்னோர் பலர், கப்பல் செலவைக் கடனாகச் சுமந்தபடியே தோட்டங்களில் கால் வைத்தார்கள். கைநாட்டு வைத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. 1910-இல் அம்முறை ஒழிக்கப்படும் வரை எத்தனையோ பேர் அந்தக் கடனை அடைக்கவே உழைத்துத் தேய்ந்தார்கள். விரும்பியபோது வீடு திரும்பக்கூடிய இன்றைய இளையோரின் நிலை வேறு. அந்தத் துன்பத்தோடு இதை ஒப்பிட முடியாது. ஆயினும், படிக்கத் தெரியாததால் முன்னோர் ஏமாற்றப்பட்டார்கள். படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் படிக்காமலே கையெழுத்திட்டால் அதை என்னவென்று சொல்வது?

நியூசிலாந்துச் சட்டப்படி ஒவ்வோர் ஊழியருக்கும் எழுத்துவடிவிலான வேலை ஒப்பந்தம் இருக்க வேண்டும். வேலை கொடுப்பதற்காக ஊழியரிடமிருந்து முதலாளி பணம் பெறுவதும் அங்கே சட்டவிரோதம். எனவே, நேர்முகத் தேர்வே இல்லாமல் வேலை தருகிறோம் என்பவரையும், முன்பணம் கேட்பவரையும், கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்பவரையும் கண்டால் விலகிவிட வேண்டும். பனிச்சறுக்கு மையத்தின் சொந்த வேலைவாய்ப்பு அறிவிப்பைப் பார்த்து நேரடியாக விண்ணப்பிப்பதே பாதுகாப்பானது. விண்ணப்பிக்கும் முன் உள்ளூரிலேயே ஓர் உணவகத்திலோ தங்கும் விடுதியிலோ சில மாதங்கள் வேலை செய்திருந்தால் வாய்ப்பு கூடும். அத்தோடு, அத்தகைய வேலை தமக்கு ஒத்துவருமா என்பதும் செலவில்லாமலே தெரிந்துவிடும்.

ஆழம் பார்க்காமல் ஆற்றில் இறங்கக்கூடாது என்பதற்காக யாரும் நீந்தவே கற்காமல் இருப்பதில்லை. அதுபோல, இடர்கள் உள்ளன என்பதற்காக இளையோரின் ஆசைக்குத் தடை போட வேண்டியதில்லை. பெற்றோர் “போகாதே” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதைவிட, பிள்ளைகளோடு உட்கார்ந்து விசாவையும் ஒப்பந்தத்தையும் வரவுசெலவையும் ஒருமுறை சரிபார்ப்பது மேல். இளையோரும் கேள்விகளைத் தொல்லையாக எண்ணக்கூடாது. அனுமதி உண்டா, படுக்க இடம் உண்டா, வேலை நேரம் குறைந்தால் சமாளிக்க முடியுமா, கையெழுத்திடும் தாளில் என்ன இருக்கிறது? இந்த நான்கு கேள்விகளுக்கும் தெளிவான விடை சொல்லக்கூடியவர் தாராளமாகப் புறப்படலாம். விடை தெரியாதவர் இன்னும் ஒரு பருவம் காத்திருக்கட்டும். மலை எங்கும் போய்விடாது.