கூட இருந்தவள் குற்றவாளியா?

நம்ம பிள்ளை ஒன்று கிணற்றில் பிணமாக மிதந்தால் நமக்குக் கோபம் வருகிறது. சுவரொட்டி அடிக்கிறோம், மறியல் செய்கிறோம், பிணத்தை வாங்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் உட்காருகிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் அதே பிள்ளை உயிரோடு, வயிற்றில் மூணு மாசத்தோடு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நம்ம தெருவிலேயே நடந்து போனால்? ‘மானம் போச்சு’ என்று முதலில் சொல்வது ஊர்த்தெருக்காரனா, நாமா? இதை இயக்கத்துக்குள் கேட்டால், “அது வீட்டு விஷயம் தோழர், மேடைக்கு வேண்டாம்” என்று பதில் வருகிறது. தனிக்குவளையையும் ஒருகாலத்தில் ஊர்வழக்கம், பேசாதே என்றுதான் சொன்னார்கள்.

இலஞ்சியை எடுத்துக்கொள்வோம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். சீசனுக்கு வருகிறவன் சாரலைப் பார்ப்பான், அருவியைப் பார்ப்பான், சிற்றாற்றங்கரைக் குமாரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போவான். இந்த வட்டாரத்துத் தெருக்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவோடு சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பிள்ளைகள் அவன் கண்ணில் படுவதில்லை.

பதினொண்ணாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காருகிற இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி காலனி, ஒருத்தி ஊர்த்தெரு. இவள் சோத்தை அவள் தின்பாள், அவள் சோத்தை இவள் தின்பாள், ரெண்டு வீட்டுக்கும் தெரியாமல். சமபந்தி என்று ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்கம் நடத்துகிற நாடகத்தை இந்தப் பிள்ளைகள் தினமும் மத்தியானம் நிசமாகவே நடத்துகிறார்கள். அதில் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போகிறது. அம்மாவிடம் சொன்னால் அடி. அப்பனுக்குத் தெரிந்தால் கொலை. டீச்சரிடம் சொன்னால் மறுநாள் கையில் டி.சி. அவளுக்கு இருக்கிற ஒரே ஆஸ்பத்திரி, ஒரே கோர்ட்டு, ஒரே தாய்மடி, பக்கத்து பெஞ்சுக்காரிதான்.

“ஏட்டி, யாருட்டயும் சொல்லிராத. சத்தியம் பண்ணு.”

இதில் யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குள் இருக்கிற பெண்களில் 6.8 சதவீதம் பேர் ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். பெரும்பாலும் கலியாணமான சின்னப் பிள்ளைகள். கலியாணமாகி உண்டானால் வளைகாப்பு, ஆகாமல் உண்டானால் அரளி விதை. வயது ஒன்றுதான், வயிறு ஒன்றுதான்.

சத்தியம் பண்ணின பிள்ளையைப் பற்றித்தான் பேச வேண்டும். அவளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அன்று ராத்திரியிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை. மருந்துக்கடையில் போய் நின்று ‘எங்க அக்காவுக்கு’ என்று பொய் சொல்கிறாள். காதில் கிடக்கிறதை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறாள். சொன்னால் துரோகம், சொல்லாமல் இருந்து அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதைவிடப் பெரிய துரோகம். பதினாறு வயசுக்காரிக்கு இந்தப் பாரத்தை ஏற்றிவைத்தது யார்? காது கொடுத்துக் கேட்கத் துப்பில்லாத பெரிய மனுசங்க நாம்தான்.

விஷயம் வெளியே வந்ததும் முதல் அடி அவளுக்குத்தான். “கூட இருந்து கெடுத்தவ.” “தூது போனவ.” வயிற்றில் பிள்ளை கொடுத்தவன் பெயர் மூன்றாவதாகத்தான் வரும், வந்தால். இங்கே சாதி நுழைகிறது பாருங்கள். கர்ப்பமானவள் காலனிப் பிள்ளை என்றால், ஊர்த்தெரு வீட்டில் “அந்தச் சகவாசம் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?” என்று கேட்டு, மறுநாளே பிள்ளையை வேறு பெஞ்சுக்கு, வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதோடு நட்பு முடிந்தது. கர்ப்பமானவள் ஊர்த்தெருப் பிள்ளை என்றால் கதையே வேறு. காலனித் தோழி ‘கூட்டிக் கொடுத்தவ’ ஆகிவிடுகிறாள். ஜீப்பு நேரே காலனிக்கு வருகிறது. அவள் அண்ணன்தான் காரணம் என்று ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டால் போதும், தெருவே காலி.

சாதி நட்பை என்ன செய்யும் என்பதற்கு நாமக்கல்லைப் பார்க்க வேண்டும். 2015 ஜூன் மாதம் திருச்செங்கோடு கோயிலில் கூடப் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜைக் கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள். கடைசியாக அவரோடு இருந்த அந்தத் தோழி நீதிமன்றத்தில் பேச்சை மாற்றினார். கோயில் கேமராவில் பதிந்த படத்தைக் காட்டியும் அது தான் இல்லை என்றார். 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, அந்தத் தோழியின் சாட்சி இல்லாமலே. அவரை வசைபாடுவது சுலபம். படத்தில் இருக்கிற தன்னையே தான் இல்லை என்று ஒரு பெண் சொல்ல வேண்டுமானால் சாதி எப்படிப்பட்ட பயத்தை அவள் தலைக்குள் ஏற்றியிருக்க வேண்டும் என்று யோசிப்பதுதான் கஷ்டம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2012இன் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான். அப்படி ஒரு பிள்ளை கர்ப்பமானால், அதை அறிந்த எவரும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. இதைக் காட்டித்தான் கூட இருந்த பிள்ளையை ‘நீயும் உள்ளே போவ’ என்று மிரட்டுகிறார்கள். அதே 21ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, சொல்லாமல் இருந்ததற்கான தண்டனை ஒரு குழந்தைக்குப் பொருந்தாது என்று பச்சையாகச் சொல்கிறது. பதினாறு வயசுத் தோழி சத்தியத்தைக் காப்பாற்றியது குற்றமே இல்லை. குற்றம் என்று மிரட்டுகிற தலைமையாசிரியரும் போலீஸ்காரரும் ஒன்றா அந்த வரியைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டு மறைக்கிறார்கள்.

மருத்துவச்சியிடமும் அரைகுறை டாக்டரிடமும் பிள்ளைகள் ஏன் ஓடுகிறார்கள்? பெரியாஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் தெருவுக்கே தெரியும். 1971இன் கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இரண்டு டாக்டர்கள் ஒப்பினால் 24 வாரம் வரை செய்யலாம். பாதுகாவலர் எழுதிக் கொடுக்க வேண்டும். அது அப்பன்தான் என்று எங்கேயும் சொல்லவில்லை. பிள்ளையைப் பராமரிக்கிறவர் என்றுதான் இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டால் செல்லும். பெயரை வெளியே சொல்கிற டாக்டருக்கு ஓராண்டு வரை சிறை. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: இப்படி வருகிற பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தகவல் தருகிறபோது பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை. இதை எழுதி எந்த அரசாங்க ஆஸ்பத்திரிச் சுவரிலாவது ஒட்டியிருக்கிறதா? குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எத்தனை போர்டு!

இப்போது அரியலூரை நினைத்துப் பாருங்கள். 2016 டிசம்பர் கடைசியில் செந்துறை வட்டாரத்தில் 17 வயது தலித் சிறுமி காணாமல் போனாள். தாய் போலீசுக்கு நடையாய் நடந்தார், போலீஸ் இழுத்தடித்தது. 2017 ஜனவரி நடுவில், ஊரெல்லாம் பொங்கல் கொண்டாடுகிற நாளில், உடல் ஒரு கிணற்றில் கிடைத்தது. அவள் கர்ப்பமாக இருந்தவள். பிடிபட்டவர்களில் முதன்மையானவன் இந்து முன்னணியின் ஒன்றியப் பொறுப்பாளன். காதல் என்று பழகி, கலியாணம் என்று கேட்டதும் கொன்றான் என்பது வழக்கு. அவள் பெயரை நாம் எல்லாரும் முழங்கினோம். செத்தாலும் அப்படிப்பட்ட பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் இங்கே எழுதவில்லை. அவள் உயிரோடு இருந்த டிசம்பரில் நம் அமைப்புகளில் எதற்காவது அவள் வந்து கதவைத் தட்டியிருக்க முடியுமா? தட்டியிருந்தால் அந்தக் கதவைத் திறப்பவர் முகத்தில் என்ன இருந்திருக்கும்?

இதில் நமக்குள்ளே இருக்கிற சிக்கலையும் மறைக்காமல் பேச வேண்டும். சாதி இந்துப் பையன் நம்ம பிள்ளையை ஏமாற்றிவிட்டு ஓடினால் போக்சோவும் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு ஆயுதம். நம்ம பையனும் ஊர்த்தெருப் பிள்ளையும் விரும்பினால் அதே போக்சோ அவன் கழுத்துக்குக் கயிறு. காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழ்நாட்டு டி.ஜி.பி. சுற்றறிக்கை விட்டதே, இந்தக் கயிறு எத்தனை கழுத்தில் விழுந்தது என்பதால்தான். வயதைப் பதினாறாகக் குறை என்று சிலர், குறைக்காதே என்று சிலர். என் அபிப்பிராயம் இதுதான்: வயதைப் பற்றி அடித்துக்கொள்வதற்கு முன்னால், புகார் கொடுப்பது அந்தப் பிள்ளையா, அவள் சாதியா என்று கேட்கிற போலீஸ் நிலையம் ஒன்றாவது வேண்டும்.

‘பாபாசாகேப் வழியில் இதெல்லாம் உண்டா?’ என்று கேட்கிற தோழர்களுக்கு: உண்டு. 1863இல் பூனாவில் ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் கர்ப்பமான பார்ப்பன விதவைகளுக்கென்று ஒரு இல்லம் திறந்தார்கள். வா, வந்து பெற்றுப் போட்டுவிட்டுப் போ, யார் என்று கேட்க மாட்டோம் என்றார்கள். தங்களைத் தெருவில் சாணியால் அடித்த சாதியின் பெண்களுக்கு! 1874இல் அப்படிப் பிறந்த ஒரு குழந்தையைத் தத்தெடுத்து யஷ்வந்த் என்று தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள். 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டசபையில் கருத்தடை வசதியை அரசே பரப்ப வேண்டும் என்ற தீர்மானம் அம்பேத்கர் கட்சியின் சார்பில் வந்தது. அவர் தயாரித்த உரையை ரோஹம் முன்வைத்தார். ஆதரவு 11, எதிர்ப்பு 52. தோற்றுப்போன அந்தத் தீர்மானத்தை நாம் எந்த ஜெயந்தி மேடையிலாவது பேசியிருக்கிறோமா? நீலத்துணியும் சிலையும் எடுத்துக்கொண்டோம், பெண் உடம்பைப் பற்றி அவர் பேசினதை விட்டுவிட்டோம். நம்ம வீட்டு ஆம்பளைக்கு அது வசதியாக இருக்கிறது.

பிள்ளையைப் பெறுவதா கலைப்பதா என்பது அவள் முடிவு. படிப்பைத் தொடர்வது அவள் உரிமை. இதில் ரெண்டு பேச்சு இல்லை. கூட இருந்த பிள்ளைக்கு நாம் உடனே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெண்ணைச் சாட்சி விசாரிக்க வேண்டுமானால் அவள் இருக்கிற இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், ஸ்டேஷனுக்கு வா என்று கூப்பிடக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கிற புதிய சட்டத்தில் 179ஆம் பிரிவு. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு குழந்தையை ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது என்று போக்சோவின் 24ஆம் பிரிவும் சொல்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு ஜீப்பு வந்து நின்று, “அவ கூட்டாளிய அனுப்பு” என்று கேட்கிறபோது இந்தப் பிரிவுகளைச் சொல்லி வாசலை மறித்து நிற்க ஆள் வேண்டும். பெண் ஆள் வேண்டும். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்தில் நம் கிளைகளில் பொறுப்பில் இருக்கிற பெண்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள், தோழர்களே. ஒரு கை போதுமா?