ஏழு புள்ளி ஜயம் போதுமா?

2025 டிசம்பரில் சென்னையில் நடைபெற்ற ஸ்குவாஷ் உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியக் கோஷ்டி முதன்முறையாக ஜயம் பெற்றது. அரையிறுதியில் எகிப்தையும், இறுதியில் ஹாங்காங்கையும் மூன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் நம்மவர் வென்றனர். இறுதியில் ஆடிய ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், அனாஹத் சிங் ஆகிய மூவரையும் தேசம் பாராட்டியது முற்றும் நியாயமே. ஆனால் அந்த ஜயத்தை ஒலிம்பிக் பதக்கத்திற்கு அச்சாரமாகக் கருதுவோருக்கு நாம் சிலவற்றை எடுத்துரைப்பது அவசியமாகிறது.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028-ஆம் வருஷத்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷுக்கு இடமளித்தது. அங்கே ஆடவர் ஒற்றையர், மகளிர் ஒற்றையர் என இரண்டே பிரிவுகள். ஒருவர் தோற்றால் மற்றொருவர் ஈடுசெய்யும் கோஷ்டி ஆட்டம் அங்கில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் நாம் பெற்ற இரு தங்கங்களும் ஆடவர் கோஷ்டி ஆட்டத்திலும் கலப்பு இரட்டையரிலும் கிடைத்தவை. ஒற்றையரில் சௌரவ் கோஷால் வெள்ளியோடு திரும்பினார். நமது பலம் எங்கே, குறை எங்கே என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. சென்னையில் ஓர் ஆட்டத்திற்கு 7 புள்ளிகளே. தொழில்முறைப் பந்தயங்களில் வழக்கமாக 11 புள்ளிகள். ஏழில் துணிச்சலான நான்கைந்து அடிகளே ஆட்டத்தை முடித்துவிடலாம். பதினொன்றிலோ, அதுவும் ஐந்து ஆட்டம் வரை நீளும் பந்தயத்தில், அவசரக்காரன் தன் அவசரத்தாலேயே வீழ்வான்.

அங்கே கைகொடுப்பது எது? பக்கச் சுவரை ஒட்டிச் சென்று பின் மூலையில் அடங்கும் நேரடியே முதல் ஆயுதம். சுவரை ஒட்டிய பந்தை எதிரி ஓங்கி அடிக்க இயலாது. அதை எடுக்க அவர் பின்னுக்குப் போகையில் நாம் களத்தின் நடுவே ‘டி’ வடிவில் கோடுகள் கூடுமிடத்தைக் கைப்பற்றலாம். 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் உள்ள அக்களத்தில் அவ்விடத்தை ஆள்பவரே எதிரியை ஓட வைப்பவர். அங்கு நின்று பந்தைத் தரையில் விழவிடாமல் இடைமறித்து அடித்தால் எதிரிக்கு மூச்சுவிட நேரமிராது. எதிரி பின்னே சிக்கியிருக்கையில்தான் முன்சுவரருகே மெல்ல வீழ்த்தும் அடி பலிக்கும். நிலையிழந்த வேளையில் அதை முயல்பவர், பந்தைச் சுவரடியிலுள்ள தகரத்தில் அடித்துப் புள்ளியைத் தானமளிப்பார். அவ்வேளையில் பந்தை உயரத் தூக்கிப் பின் மூலைக்கு அனுப்பி நடுவிடம் திரும்புவதே விவேகம்.

இவை யாவும் நம் வீரர்கள் அறியாதவையல்ல. களைத்துப்போன நான்காம், ஐந்தாம் ஆட்டங்களிலும் இவற்றைக் கைவிடாதிருப்பதே அருமை. அந்தப் பொறுமை நாள்தோறும் செய்யும் அப்பியாசத்தால் மட்டுமே வரும். ஆகவே, ஸ்குவாஷ் சங்கத்தார் பாராட்டு விழாக்களோடு நில்லாமல், நமது ஒற்றையர் வீரர்களுக்கு 11 புள்ளிக் கடும் பந்தயங்களையும், எகிப்தியரோடு அடிக்கடி மோதும் சந்தர்ப்பங்களையும் ஏற்பாடு செய்து தர வேண்டும். 2028-க்கு முன் எஞ்சியுள்ள ஒவ்வொரு மாதமும் இதற்கே செலவாகட்டும்.