தாழ்ந்த இருக்கையும் தளர்ந்த முழங்காலும்

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பயிற்றும்போதெல்லாம் வகுப்பில் ஓர் அமைதி படர்வதைக் கண்டிருக்கிறோம். ஆழ்மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்த தம் இளமையைத் தொடித்தலை விழுத்தண்டினார் கோலூன்றியபடி, இருமலுக்கிடையே எண்ணி இரங்கும் பாட்டு அது. மாணவர்கட்கு அது பிறர் துயரம்; நாற்பதைக் கடந்த நமக்கு அவ்வாறன்று.

ஆயினும், முதியோர் அனைவரும் இரங்கியே தீரவேண்டுமா? குளச்சலில் வாழும் நம் மாமா ஒருவரால் எழுந்த வினா இது. வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்து ஊர் திரும்பியவர், 61ஆம் வயதில் பழைய 'சான் ஸ்டார்ம்' வண்டியொன்றை வாங்கினார். கோவாவில் உருவாகி, பின்னர் உற்பத்தி நின்றுபோன வண்டி. இருவர் மட்டுமே அமரலாம். இன்று மாமாவுக்கு 66. சர்க்கரை நோய், முழங்கால் தேய்மானம், இதயக் குழாயில் ஸ்டென்ட் எல்லாம் உண்டு. "ஊர் சிரிக்கிறது, விற்றுவிடலாம்" என்று மக்கள் முடிவு செய்தனர். அவரை இசைவிக்கும் பொறுப்பு, தமிழாசிரியர் என்பதால் போலும், நம் தலையில் விழுந்தது.

"ஏறு மருமகனே, பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம்" என்றார் மாமா.

ஏறுவதே ஒரு கலை. வண்டிக்கு முதுகு காட்டி முதலில் அமர்ந்து, பின்பு இரு கால்களையும் ஒருசேர உள்ளே திருப்பவேண்டும். நமக்கே இடுப்புப் பிடித்துக்கொண்டது. மண்டைக்காடு நோக்கிக் கடற்கரைச் சாலையில் சென்றோம். தரையை ஒட்டி அமர்ந்திருப்பதால் 40 கிலோமீட்டர் வேகமே 80 போலத் தோன்றியது. வண்டியின் எடை தாழ்வாக அமைந்திருப்பதால் வளைவுகளில் உடல் சாய்வதுமில்லை. விரைந்து செல்லாமலே விரைவின் இன்பத்தைத் தருவது இவ்வண்டி என அன்று அறிந்தோம். வேகத்தடைகளை மட்டும் கோணலாக, ஒரு சக்கரத்தின்பின் மறுசக்கரமாக ஏற்றி இறக்கினார். நேராக ஏறினால் அடிப்பகுதி உரசிவிடும்.

மண்டைக்காட்டுக் கடற்கரையில் நிறுத்தி அவர் இறங்கி நிமிர்வதற்குள் சிறுவர் கூட்டம் சூழ்ந்துவிட்டது. எவரும் சிரிக்கவில்லை. ஒரு சிறுவன் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டான்.

மாமா தமக்கென வகுத்துக்கொண்ட வரம்புகளை அங்கே கேட்டறிந்தோம். எதிர்வரும் பேருந்துகளின் விளக்கொளி தாழ்ந்த வண்டியில் கண்ணுக்கு நேராகப் பாய்வதால் இரவில் ஓட்டமாட்டார். சர்க்கரை அளவு திடீரென இறங்கினால் கை நடுங்கும், பார்வை மங்கும். ஆதலால் வெறும் வயிற்றில் ஓட்டமாட்டார், நோன்புக் காலப் பகலில் சாவியையே தொடமாட்டார். மாசிக் கொடை நடைபெறும் பத்து நாளும் பகவதி அம்மன் கோயிலுக்குப் பெண்கள் சாரிசாரியாக நடந்து வருவதால், வண்டி கொட்டகையை விட்டு வெளிவராது. இத்துணை எச்சரிக்கையை நம் கல்லூரிக்கு மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞரிடம் நாம் கண்டதில்லை!

ஊர் சிரிக்கும் என்பது வேறு. ஊருக்குத் தீங்கு நேரும் என்பது வேறு. மக்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டனர் என்பது நம் துணிபு. அமெரிக்க நடிகர் பால் நியூமன் 1995இல், தம் 70ஆம் வயதில், டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் வென்ற அணியில் ஒருவராக வண்டி ஓட்டினார். நம் நடிகர் அஜித் குமார் பல அறுவைச் சிகிச்சைகளைக் கண்ட உடலோடு 2025 ஜனவரியில், 53ஆம் வயதில், துபாய் 24 மணி நேரப் பந்தயத்திற்குச் சென்றார். பயிற்சியின்போது வண்டி தடுப்பில் மோதியது. அவர் காயமின்றித் தப்பினார். அதன்பின் அணியின் நலன் கருதி முதன்மை வண்டியை ஓட்டுவதினின்று விலகிக்கொண்டார். அவ்வண்டி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது. அவரோ மற்றொரு வண்டியை ஓட்டினார். அந்த வெற்றியினும் அந்த விலகலையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

55 வயதைக் கடந்தோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கவேண்டும். அதற்கு மருத்துவர் சான்றும் வேண்டும். மாமாவின் முறை அடுத்த ஆண்டு வருகிறது. கண்ணோ இதயமோ தகாது என மருத்துவர் சொன்னால், அன்றே சாவியை மகனிடம் ஒப்படைப்பதாக நம்மிடம் வாக்களித்திருக்கிறார். இதைத்தான் மக்களிடம் சென்று சொன்னோம். இளையவர் ஏற்றுக்கொண்டார். மூத்தவர் நம்மோடு இன்னும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.