மூச்சு வாங்கும் பிள்ளை சோம்பேறியல்ல



இருதயம் ஒரு பம்பு. தசை அதன் மோட்டார். இரத்தம் பின்னால் திரும்பாமல் தடுப்பவை 4 வால்வுகள். பெருந்தமனி வால்வுக்கு 3 இதழ் வேண்டும்; நூற்றில் ஒருவர் இருவருக்குப் பிறவியிலேயே இரண்டுதான். அவர்களில் சிலருக்குத் தசையிலும் நோய் சேர்ந்துவிடும். வால்வைச் சரிசெய்தாலும் தசைநோய் தானாக மறையாது. ஆகவே, “ஆபரேஷன் முடிஞ்சிருச்சே, இனி என்ன?” என்று கிளினிக் போவதை நிறுத்தாதீர்கள்.

ஓடினால் மூச்சு வாங்கும், மயங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டியதோடு நிற்காதீர்கள். குருண் கிளினிக்கில் நெஞ்சைச் சோதிக்கச் சொல்லுங்கள். தேவையானால் சுங்கை பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ கடிதம் கேளுங்கள். எக்கோ ஸ்கேன் வலிக்காது. பெரிய சிகிச்சைக்குக் கோலாலம்பூரில் தேசிய இருதயக் கழகம் 1992 முதல் இருக்கிறது. இந்நோய் சில குடும்பங்களில் தொடர்வதால், கூடப்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

“ஒரு நாள் சம்பளம் போயிடுமே” என்கிறீர்கள். நியாயம்தான். பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாதென்று சங்கம் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. அது கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். போன சம்பளத்தை ஓவர்டைம் செய்து பிடிக்கலாம். போன உயிரைப் பிடிக்க முடியாது.